தூளிக்கு மேல் தொங்கிய இசைத்தட்டு

மத்தியான நேரம். காற்று அடியோடு நின்றிருந்தது. வாசல் வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. உத்திரத்தில் கட்டிய தூளிக்குள் என் மகள் பூங்கொடி மல்லாந்து கிடந்தாள். தூளியின் வாயைத் தொட்டில் கம்பு வைத்து விரித்திருந்தேன். அவள் முகத்துக்கு நேர் மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், கறுப்பு இசைத்தட்டு ஒன்று மூன்று நூல்களில் படுக்கைவாக்காகத் தொங்கியது.

நான் தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது தட்டின் விளிம்பில் நான் கோத்துவிட்டிருந்த கண்ணாடிப் பாசிமணிச் சரங்கள் நடுங்க ஆரம்பித்தன. தட்டு ஆடவில்லை, சுழலவில்லை. மணிகள் மட்டும் குளிரில் பல் தந்தியடிப்பதுபோல நடுங்கின. கூரை ஓட்டின் கண்ணாடி வழியாக விழுந்த வெளிச்சம் மணிகளில் பட்டுச் சுவரெல்லாம் சிதறியது.

பூங்கொடி கலகலவென்று சிரித்தாள். அவள் சிரித்து முடித்த பிறகுதான் வேளாங்கண்ணி பஸ் மதகில் ஏறும் சத்தம் எனக்குக் கேட்டது.

முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். காற்றில்லாத வீட்டில் மணிகளை ஆட்டியது எது? எனக்குக் கேட்காத ஒன்று அவளுக்கு எப்படித் தெரிந்தது?

அப்போது அவளுக்குக் கீழ்ப்பல் முளைத்துக்கொண்டிருந்தது. எட்டு மாதமா, ஒன்பதா, சரியாக நினைவில்லை. கைதட்டினால் திரும்பமாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நேரம் பார்ப்பாள், இன்னொரு நேரம் பார்க்கமாட்டாள். குழந்தைக்குக் காது கேட்கிறதா என்ற கேள்வியோடுதான் நான் தினமும் எழுந்தேன். அதை யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. கேட்டுவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

அன்று சாயங்காலம் கூட்டுறவுச் சங்க வேலை முடிந்து வந்த என் கணவரிடம் பஸ் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் சந்தோஷமாகச் சிரித்தார். உன்னைவிட உன் பெண்ணுக்குக் காது கூர்மை, இனிமேல் கண்டதையும் யோசிக்காதே என்றார். யோசிக்கவில்லை என்று சொன்னேன். ராத்திரி முழுக்க வேறென்ன செய்தேன்?

வெந்நீர் வித்தை

இந்தப் பத்திரிகையில் நான் தையல், பின்னல் பற்றி எழுதிய வாரத்துக்குப் பிறகு ஒரு வாசகி, பழைய இசைத்தட்டில் பூச்சாடி செய்வது எப்படி என்று கேட்டிருந்தார். கேட்டதற்காகச் சொல்கிறேன். அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை.

பழைய காலத்துக் கனமான தட்டு இதற்கு ஆகாது. ஓடு மாதிரி உடையும். பின்னால் வந்த மெல்லிய பெரிய தட்டுதான் வேண்டும். அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தட்டை இடுக்கியால் பிடித்து உள்ளே இறக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அது அடைமாவு மாதிரி தளர்ந்துவிடும். அப்படியே எடுத்து, கவிழ்த்து வைத்த சொம்பின்மேல் போட்டு, ஈரத்துணியால் அழுத்தினால் ஓரமெல்லாம் புடவைக் கொசுவம்போல மடிந்துகொள்ளும். பச்சைத் தண்ணீர் தெளித்ததும் இறுகிவிடும். நடு ஓட்டையை மெழுகால் அடைத்தால் பழத்தட்டு. அடைக்காவிட்டால் பூச்சாடி.

தார் மாதிரி ஒரு வாசனை வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள். இதை நான் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை உத்தரவுக்காகக் காத்திருந்த நாட்களில் இதைக் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, உத்தரவு வராமலே இருந்தது. ஊரில் எல்லோரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம்தான் இல்லை. சும்மா இருந்தால் மனசு கண்ட இடத்துக்கும் போனது. அதனால் செய்தேன். வீட்டில் எங்கே பார்த்தாலும் கறுப்புக் கிண்ணங்கள்.

தூளிக்கு மேல் தொங்கியதை மட்டும் வளைக்கவில்லை. அது மற்றவற்றைவிட மெல்லியதாக, பளபளப்பாக இருந்தது. நடுவிலிருந்த காகிதத்தை உரித்துவிட்டு, ஊசியைக் காய்ச்சி விளிம்பில் துளை போட்டு மணிகளைக் கட்டினேன். கீழேயிருந்து பார்த்தால் அதன் கோடுகள் கிணற்றுத் தண்ணீர் வட்டம்போலத் தெரியும். குழந்தை பார்த்துக்கொண்டேயிருப்பாள். சில நேரம் கண் இமைக்காமல் பார்ப்பாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கழற்றினால் அழுவாளே என்று விட்டுவிட்டேன்.

பாய் கொடுத்த பெட்டி

எங்கள் வாடகை வீட்டுக்கும் பக்கத்துக் கடைக்கும் ஒரே சுவர், ஒரே உத்திரம். கடை சுல்தான் பாயுடையது. கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவர். கறுப்பு சிவப்புக் கொடிக் கூட்டத்துக்கும் அவர் ஒலிபெருக்கிக் குழாய்தான், செங்கொடிக் கூட்டத்துக்கும் அதே குழாய்தான். "குழாய்க்கு ஏதுங்க தங்கச்சி கட்சி" என்பார்.

தேய்ந்த தட்டுகளை அவர்தான் எனக்குக் கொடுத்துவந்தார். ஒருநாள் ஒரு மரப்பெட்டியையே தூக்கிவந்து வாசலில் வைத்தார். எடுத்துப் பார்த்தால் தட்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை.

"நல்லாத்தானே இருக்குங்க பாய்?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இத எந்த விசேஷத்துலயும் போட விடமாட்டேங்குறாங்க. ஒரு சடங்கு வீட்டுல போட்டேன். பந்தியில உக்காந்த பொம்பளைங்க இலையில வச்ச கையோட எந்திரிச்சுப் போய்ட்டாங்க. பண்ணை வீட்டுத் தட்டு தங்கச்சி. நீங்க கிண்ணம் பண்ணுங்க, புண்ணியமாப் போகும்."

ஏன் என்று கேட்டிருக்கலாம். பண்ணையார் வீட்டு ஆடம்பரம் யாருக்கும் பிடிக்காமல் போயிருக்கும் என்று நானே ஒரு பதில் செய்துகொண்டேன்.

அந்தப் பண்ணை வீட்டை நானும் வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஊருக்குத் தெற்கே, களத்தை ஒட்டி, பூட்டிக் கிடந்தது. நில உச்சவரம்பு பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். அறுவடைக்கு அறுவடை கூலித் தகராறு. வரப்பு முனையில் செங்கொடி நட்டிருக்கும், பள்ளிக்கூட வாசலில் போலீஸ் லாரி நிற்கும். நாங்கள் அந்த ஊருக்குக் குடிவருவதற்கு முன்னாலேயே பண்ணையார் குடும்பத்தோடு பட்டணம் போய்விட்டார். வீட்டுச் சாமான்களை ஏஜெண்ட் விற்றபோது பாய் தட்டுப் பாடும் ரேடியோகிராமையும் தட்டுப் பெட்டியையும் வாங்கியிருக்கிறார்.

என் அப்பாவும் கதிர் அறுத்தவர்தான், கீழ்வேளூர்ப் பக்கம். விடுதியில் தங்கிப் படித்ததால் நான் அரிவாள் பிடிக்கவில்லை. லீவுக்கு வரும்போது களத்துக் குழாயில் பாட்டுக் கேட்டபடி வரப்பில் நடந்ததுண்டு. பச்சை வயலும் பாட்டும் எனக்குச் சேர்ந்தே இருந்தன, கெட்டதாக எதுவும் நினைவில்லை. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அஞ்சலை சொன்னது

அஞ்சலை எனக்கு நாலைந்து வயது மூத்தவள். புருஷன் இல்லை. அறுப்பு, நடவு இல்லாத நாட்களில் வந்து எனக்கு நெல் அவித்துக் கொடுப்பாள். கொல்லைப்புறத்தோடு வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகிறவள். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே கூப்பிட்டேன்.

வந்தவள் தூளியைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். இது ஏது என்று கேட்டாள். பாய் கொடுத்ததைச் சொன்னேன். எந்த வீட்டுத் தட்டு என்றாள். அதையும் சொன்னேன். அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மழை ஓட்டில் இறைந்து பெய்துகொண்டிருந்தது. அவள் சொன்னதைக் கேட்க நான் பக்கத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது.

அரை மரக்கால் நெல் கூலி கூடக் கேட்டு முன்னால் நின்றவன் அவள் புருஷன். அறுப்பின் நடுவில், பேசலாம் வா என்று பண்ணை ஆள் வந்து அவனைக் கூட்டிப்போனது. அவன் போன கொஞ்ச நேரத்தில் களத்துக் குழாயில் பாட்டு ஆரம்பித்தது. ரேடியோகிராமிலிருந்து கம்பி இழுத்துத் தென்னைமரத்துக் குழாயில் கொடுத்திருந்தார்கள். அறுப்பு முடியும்போதுதான் பாட்டுப் போடுவது வழக்கம். அன்றைக்கு முன்னாலேயே போட்டார்கள். ஒரு தட்டு முடிய, உடனே அடுத்த தட்டு. இடைவெளியே விடவில்லை. வெயில் சாயும்வரை பாடிற்று.

பண்ணையின் மாட்டுக்கொட்டகையில் அவன் உயிர் போகும்வரை போட்ட கூச்சல் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அறுத்துக்கொண்டிருந்த யாருக்கும் கேட்கவில்லை.

"பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர்" என்றாள் அஞ்சலை. "நானும் கூடவே பாடுனேன்."

அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. மழையில் மணிகள் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தன. கீழே பூங்கொடி கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள்.

"இது சத்தத்தத் தின்ன தட்டு. புள்ள தலைக்கு மேல தொங்குது. கழட்டுங்க."

மழை விடுவதற்குள்ளேயே அவள் எழுந்து போய்விட்டாள்.

சத்தமில்லாத வீடு

ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். படித்தவள், இதையெல்லாம் நம்பலாமா என்று ஒரு பக்கம். நம்பாவிட்டாலும் அந்தப் பெண் அப்படிச் சொன்ன பிறகு எப்படித் தொங்கவிடுவது என்று இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, குழந்தையின் காதிலிருந்து தின்றதைத் திருப்பிக் கொடுத்துவிடுமோ என்று ஒரு நப்பாசை. தட்டைப் பழைய புடவையில் சுற்றி நெற்குதிருக்குப் பின்னால் வைத்தேன்.

குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. வெறும் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பஸ் மதகில் ஏறிற்று, அவள் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடையில் பாய் குழாயைச் சோதனை பார்த்தார். சுவர் அதிர்ந்தது. என் கையிலிருந்த பால் கிண்ணம் தவறித் தூளித் துணியெல்லாம் பால். பூங்கொடி தன் விரலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் பழகிப்போயிருக்கும் என்றார் என் கணவர். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

அவர் வேலைக்குப் போன பிறகு சோதிப்பேன். அவளைப் பாயில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் போய்த் தாம்பாளத்தில் கரண்டியால் அடிப்பேன். ஒரு தடவை திரும்பினாள். ஆனந்தத்தில் அவளை அள்ளிக்கொண்டேன். பிறகு பார்த்தால் எதிர்ச் சுவரில் என் நிழல் விழுந்திருக்கிறது. நிழல் விழாத மூலையில் நின்று அடித்தேன், திரும்பவில்லை. தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொண்டேன். மறுபடி அடித்தேன், திரும்பினாள். இந்த முறை கரண்டியை ஓங்கிய காற்று அவள் பிடரி மயிரில் பட்டிருக்குமோ என்று தோன்றியது. ஒவ்வொரு பதிலையும் நானே கலைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அடிப்பேன், அவள் தன்பாட்டுக்கு இருப்பாள். அடிக்க அடிக்க எனக்கே அந்தச் சத்தம் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. அந்த வீட்டில் சத்தம் உண்டான இடத்திலேயே அமுங்கிப்போவது மாதிரி இருந்தது. குதிருக்குப் பின்னால் போய், புடவைச் சுற்றுக் கலையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

என் கை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வீட்டில் இருந்தார். குழந்தை ஏங்கிப்போய்விட்டாள், அந்தத் தட்டை மறுபடி மாட்டு என்றார். அஞ்சலை சொன்னதை அவரிடம் சொல்லியிருந்தேன். பாவம்தான், ஆனால் தட்டு என்ன செய்யும் என்பது அவர் கட்சி. பகுத்தறிவு பேசுகிற மனிதர். எனக்கும் பேசத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை போட்டேன்.

பக்கத்தில் பாய் ஒரு கல்யாணத்துக்காகச் செட்டைத் தயார் செய்துகொண்டிருந்தார். பாட்டு ஒன்றை முழுச் சத்தத்தில் விட்டார். உத்திரம் அதிர, மணிகள் நடுங்க, பூங்கொடி துள்ளிச் சிரித்தாள். பல நாளாகக் கேட்காத சிரிப்பு.

"பாத்தியா, பாட்டுன்னா உயிரு அவளுக்கு" என்றார் அவர்.

ஸ்டூலில் நின்றபடியே குழந்தையைப் பார்த்தேன். அவள் கண் சுவர்ப்பக்கம் போகவில்லை. பாட்டு வந்த திசைக்குப் போகவேயில்லை. மணிகளில் இருந்தது.

தட்டையும் மணிகளையும் சேர்த்து இரண்டு கையாலும் பிடித்தேன்.

சிரிப்பு நின்றது.

பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுவரே பாடுவதுபோல ஓடியது. அவள் என் கையைப் பார்த்தாள். கையை எடுத்தேன். மணிகள் நடுங்கின, அவள் சிரித்தாள். மறுபடி பிடித்தேன், நின்றது. பாட்டை நிறுத்த என்னால் முடியாது. ஆனால் அவளுக்கு அதை என் கை நிறுத்தியது, என் கை விட்டது. கூர்மை என்று நாங்கள் கொண்டாடியதெல்லாம் மணியின் நடுக்கம். மதகிலிருந்து மண்ணும் சுவரும் உத்திரமும் வழியாக வந்த நடுக்கம், சத்தத்துக்கு ஒரு நொடி முன்னால்.

என் கணவர் எழுந்து வந்தார். என்னை இறங்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, தானே ஏறித் தட்டைப் பிடித்துப் பார்த்தார். விட்டார். மறுபடி பிடித்தார். பிறகு அதை விடாமல் வெகுநேரம் அப்படியே நின்றார்.

"தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார், பாட்டு முடிந்த பிறகு.

மறுநாள் காலை அஞ்சலை கொல்லைப்பக்கம் வந்தாள். தட்டு மறுபடி தொங்குவது ஜன்னல் வழியே தெரிந்திருக்க வேண்டும். வாசற்படி ஏறவில்லை. நான் வெளியே போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"இந்தத் தட்டாலயா அஞ்சலை?"

"இல்ல டீச்சர். நான் வயித்தெரிச்சல்ல சொன்னது. மனுசன் எடுத்துப் போட்டாத்தான் அது பாடும். அது என்ன பண்ணும்?" பிறகு கையை நீட்டினாள். "ஆனா அத என் கையில குடுங்க."

அவித்த நெல்லை இறக்கிவிட்டு, அதே அடுப்பில் தண்ணீர் வைத்தோம். மணிகளை நான் அவிழ்த்துக்கொண்டதும் தட்டை அவளே தண்ணீரில் இறக்கினாள். எந்தப் பாட்டு என்று கேட்டாள். காகிதத்தை எப்போதோ உரித்துவிட்டேன், தெரியாது என்றேன். அதுவும் நல்லதுதான் என்றாள். தளர்ந்ததும் சாக்கில் போட்டு மடித்தாள். மறுபடி நீரில் முக்கி மறுபடி மடித்தாள். கோடுகளெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய் ஒரு கறுப்பு முண்டாக ஆகும்வரை விடவில்லை. இனி எந்த ஊசியும் அதன்மேல் ஓடாது.

வாய்க்காலில் போட்டுவிடலாமா என்றேன்.

"அந்தத் தண்ணி நம்ம வயலுக்குத்தானே வரும்" என்று மடியில் கட்டிக்கொண்டாள். பின்னால் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது அது கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டாகக் கிடந்தது.

பாயிடம் விஷயத்தைச் சொன்னதும் தன் அலமாரியிலிருந்து நல்ல தட்டு ஒன்றையே எடுத்துக் கொடுத்தார். மணிகளை அதில் மாற்றிக் கட்டினேன். அதுவும் அதே மாதிரி நடுங்கியது. பூங்கொடிக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் பாயில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுக்களையிலிருந்து பழக்கத்தில் கூப்பிட்டேன். முதுகு அசையவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட வாயெடுத்தேன். கரண்டியும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு, சுற்றிப் போய், அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதன் பிறகு கூப்பிட்டேன்.